மரோன் தலையாட்டவில்லை

கோத்துகள் என்ற வடக்கத்திக் கொள்ளைக்கூட்டம் எங்கள் ஊரை வளைத்துக் கிடந்த காலத்தில், ஊருக்குள் இருந்த மாடுகளைத் தின்று தீர்த்தவர்கள் கோத்துகள் அல்லர், செத்துப்போன பேரரசர்கள். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரான கெலபரா ஒரு மலைமேல் இருக்கிறது. ஊரைச் சுற்றி மதில். மதிலைக் காக்க ஒரு படைப்பிரிவு. படைப்பிரிவின் தலைமையகத்தில், கொடிகளை வைத்துக் கும்பிடும் அறைச் சுவரில், ஒரு பண்டிகை நாட்காட்டி. பேரரசர் ஒருவர் இறந்து, அவர் தெய்வமாகிவிட்டார் என்று ரோமாபுரியில் செனட் சபை தீர்மானம் போட்டுவிட்டால், அவர் பிறந்த நாளன்று ஒவ்வொரு படைப்பிரிவும் ஓர் எருதைப் பலியிட வேண்டும். அவர் மனைவியும் தெய்வமாகியிருந்தால் அந்த அம்மாளுக்கு ஒரு பசு. இப்படித் தெய்வங்கள் இருநூறு ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்திருந்தன. சமீபத்துப் பேரரசர்கள் மட்டும் வந்த வேகத்தில் கொல்லப்பட்டுக்கொண்டிருந்ததால், அவர்களில் யார் தெய்வம், யார் துரோகி என்று தலைநகரம் முடிவு செய்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். அவர்களுக்கு மாடு இல்லை. அந்தக் குழப்பத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான்.

சமாதான காலத்தில் பலி மாடுகள் சமவெளியிலிருந்து வரும். அறுவடை முடிந்த கையோடு கோத்துகள் ஆற்றைக் கடந்து வந்து மலையடிவாரத்தில் கூடாரம் போட்டார்கள். வாயிலை மூடினோம். நாட்காட்டிக்கு வாயில் கிடையாது. அது பாட்டுக்கு நகர்ந்தது. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஊரில் ஒரு மாடு குறைந்தது. கடைசியில் மிஞ்சியது மரோன் ஒன்றுதான்.

மரோன் கிணற்று மாடு. எங்கள் கிணறு மலையைக் குடைந்து இறக்கிய ஆழக் கிணறு. மரோன் கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினால் தோல் சால் மேலே வரும். சால் கவிழும்வரை அசையாமல் நிற்கும். பிறகு பின்னால் நடந்து மேலேறும். அதன் உரிமையாளன் திசாஸ், அதோடு கூடவே இறங்கி, கூடவே ஏறுவான். யார் எது சொன்னாலும் முதலில் புரியாது. புரிந்தபின் நம்ப மாட்டான். அப்படிப்பட்ட ஆள்.

தலைமையக எழுத்தர் புஸ்கினஸ் ஒரு காலை கிணற்றடிக்கு வந்து, "ஆரேலியஸ்!" என்று கூப்பிட்டார். அங்கிருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் ஒரே ஆணையில் எல்லோரையும் ரோமாபுரிக் குடிமக்களாக்கி, எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

"எந்த ஆரேலியஸ்ங்க?"

"மாடு வச்சிருக்கிற ஆரேலியஸ்."

திசாஸ் முன்னால் வந்தான்.

"நாளைக்குத் தெய்வப் பேரரசர் பிறந்த நாள். உன் மாட்டுக்கு அந்தப் பாக்கியம் கெடச்சிருக்கு."

"ஐயா, இது கிணத்து மாடுங்க. இது நடந்தாத்தான் தண்ணி. ஊரே இத நம்பித்தான் இருக்கு."

"கிணறு படையோடதா, ஊரோடதா?"

"ஊரோடதுங்க."

"அப்ப படைக்கு நஷ்டம் ஒண்ணுமில்ல."

"நீங்களும் இந்தத் தண்ணியத்தானுங்க குடிக்கிறீங்க?"

"குடிக்கிறோம். ஆனா அப்படின்னு எழுத்துல எங்கயும் இல்ல."

திசாஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். "வெள்ளை மாடுதானே தெய்வத்துக்கு ஆகும்? இது செவலைங்க."

"சுண்ணாம்பு இருக்கு" என்றார் புஸ்கினஸ்.

திசாஸின் மனைவி செய்கா கல்யாணமாகி வரும்போது கூடவே வந்த கன்று மரோன். மலையடிவாரத்தில் அவர்களுக்கு இருந்த நிலத்தை உழுததும் அதுதான். "அவன் போயிட்டா சண்ட முடிஞ்சப்புறம் ஏர்ல யாரப் பூட்டறது? உன்னையா? நீ நேராக்கூட நடக்க மாட்டியேய்யா" என்று செய்கா கேட்டாள். கேட்டுவிட்டு, மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிப்பாய்கள் அவளை விலக்கி, மாட்டுக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். கொம்புக்குப் பூசத் தங்கக் குழம்பு தீர்ந்துபோயிருந்ததால் மஞ்சள் மண்ணைக் குழைத்துப் பூசினார்கள். திசாஸுக்கும் ஒரு வெள்ளை மேலாடை கிடைத்தது.

மறுநாள் தலைமையக முற்றத்தில் சடங்கு. மதில்மேல் காவலுக்கு நின்றவர்களில் முக்கால்வாசிப் பேரைக் கீழே இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். தளபதி கல்வீடியஸ் பேசினார். அவர் குரல் நன்றாக இருக்கும்.

"வீரர்களே! வெளியே நிற்பவனுக்கு வாள் இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. அவனுக்குக் குதிரை இருக்கிறது. நாம் நம்முடையவற்றைச் சாப்பிட்டுவிட்டோம். அவனிடம் இல்லாதது எது? ஒழுங்கு! மதில் கல்லால் ஆனது, கல் விழலாம். ஆனால் பிறந்த நாள் விழாது. ஆகவே மதிலை விட்டு இறங்கி வந்திருக்கும் நீங்கள்தான் இந்த நகரத்தின் உண்மையான மதில்!"

உண்மையான மதில் வெயிலில் நின்றது. தளபதி துணியால் தலையை மூடிக்கொண்டார். சடங்கின்போது கெட்ட காட்சி கண்ணில் படக்கூடாது. புல்லாங்குழல்காரன் ஊதத் தொடங்கினான். கெட்ட சத்தம் காதில் விழக்கூடாது. முற்றுகைக்குள் இருக்கும் ஒரு தளபதிக்கு இவை இரண்டும் மிகவும் வசதியான ஏற்பாடுகள்.

உப்பு கலந்த மாவை மரோன் தலையில் தூவினார்கள். இப்போது மாடு தலையாட்ட வேண்டும். அது பலிக்குத் தானே சம்மதிப்பதாக அர்த்தம். ரோமாபுரி யாரையும் பலவந்தமாகப் பலியிடுவதில்லை. தலையாட்டியதும் பலிக்காரன் உர்சியோ சம்மட்டியை ஓங்கி, "செய்யட்டுமா?" என்று கேட்பான். தளபதி "செய்" என்பார். இதற்கு முன் எல்லா மாடுகளும் மாவு கண்ணில் விழுந்ததும் தலையை உதறித் தங்கள் சம்மதத்தைத் தெரிவித்திருந்தன.

உர்சியோ அவசரப்பட்டு முதலிலேயே கேட்டுவிட்டான். "செய்யட்டுமா?"

மரோன் அசையவில்லை. யாரோ பின்னால் நிற்கிறார்கள், சால் இன்னும் கவிழவில்லை என்று நினைத்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் மாவு தூவினார்கள். மூக்குவரை வழிந்த உப்பை நாக்கை நீட்டி நக்கிவிட்டு, மீதி எங்கே என்பதுபோல் முகத்தை உயர்த்தியது.

குழல்காரனுக்கு மூச்சு வாங்கியது. தளபதி துணிக்குள்ளிருந்து, "மறுக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மறுக்குதுன்னு எழுதினா அபசகுனம்ங்க. மேலிடத்துல விளக்கம் கேப்பாங்க" என்றார் புஸ்கினஸ்.

"பிறகு என்ன செய்கிறது?"

"யோசிக்குதுன்னு எழுதிக்கலாம்."

அப்படியே எழுதப்பட்டது. எழுதியபின் அதற்குரிய விதிகள் தாமாக வந்து சேர்ந்தன. யோசிக்கிற மாடு தெய்வத்தின் சொத்து. அதைக் கிணற்றில் பூட்டக்கூடாது. அடிக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, அவசரப்படுத்தக்கூடாது. பலிபீடச் சுற்றுக்கட்டை விட்டு வெளியே விடக்கூடாது. மாட்டைத் தருகிறவன் அதன் உரிமையாளன் என்பதால், அது முடிவெடுக்கும்வரை அவனும் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

"நான் எப்பங்க வீட்டுக்குப் போறது?" என்று திசாஸ் கேட்டான்.

"அதுகிட்டக் கேளு" என்றார் புஸ்கினஸ்.

ஊர்க்காரர்கள் கிணற்றுக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். ஓர் எருது இழுத்த தோல் சாலைத் தெருவே சேர்ந்து இழுத்தும் பாதித் தண்ணீர்தான் வந்தது. செய்கா தினமும் ஒரு கட்டுப் புல்லோடு சுற்றுக்கட்டுச் சுவருக்கு வெளியே வந்து நிற்பாள். மதில் இடுக்குகளில் முளைத்த புல். கோத்துகளின் அம்புக்குத் தப்பிப் பிடுங்கியது.

"எப்படியிருக்கான்?"

"நல்லா இருக்கான். நான்தான் ஒரே துணியோட நிக்கிறேன்."

"புல்லு திங்கறப்ப நூறு தடவ தலைய ஆட்டறான், பாரு. எனக்கு ஈரக்குலையே நடுங்குது."

உள்ளே இருந்த புஸ்கினஸ், "அது சொந்த விஷயம்மா. அலுவல் நேரத்துல ஆட்டுனாத்தான் கணக்கு" என்றார்.

தினமும் காலையில் சடங்கைத் திரும்ப நடத்தினார்கள். தினமும் மரோன் யோசித்தது. இதற்குள் இன்னொரு சிக்கல் தெரியவந்தது. ஒரு பண்டிகை முடியாமல் அடுத்த நாள் பிறக்க முடியாது. நாட்காட்டியின் அருகே மரச்சட்டத்தில் ஒரு தேதி முளை இருந்தது. அதை அடுத்த துளைக்கு நகர்த்தும் அதிகாரம், பண்டிகை நிறைவேறியது என்று தளபதி கையொப்பமிட்ட பிறகே புஸ்கினஸுக்கு வரும். ஆகவே கெலபராவில் சூரியன் தினமும் எழுந்து விழுந்ததே தவிர, தேதி மாறவில்லை.

அன்று மதில்மேல் காவல் முறை வந்தவர்கள், அன்று முடியாததால் அங்கேயே நின்றார்கள். விசில் அடித்த குற்றத்துக்காக ஒரு நாள் கோதுமைக்குப் பதில் பார்லி சாப்பிடும்படி தண்டிக்கப்பட்ட ஒரு சிப்பாய் பார்லியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போகவேண்டிய கிழச் சிப்பாய் ஒருவர், மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சுற்றுக்கட்டுப் பக்கம் வந்து மரோனைப் பார்த்துவிட்டுப் போவார்கள். "டேய், சாமி, ஒரே ஒரு ஆட்டு. ஒனக்கு என்னடா குறைஞ்சுடும்?" என்று பார்லிக்காரன் கெஞ்சுவான். என்ன குறையும் என்பது திசாஸுக்குத் தெரியும். அவன் மாட்டுக்கும் பார்லிக்காரனுக்கும் இடையில் வந்து நிற்பான்.

கோத்துகளுக்கும் இது தெரிந்துபோனது. தினம் காலையில் குழல் ஊதுகிறது. மாட்டுக்கறி வாசனை வருவதில்லை. வெரேகா என்றொரு கோத்து, முன்பு எங்கள் படையில் கூலிக்குக் குதிரை ஓட்டியவன், மதிலடிக்கு வந்து எங்கள் மொழியிலேயே கூவினான்.

"அண்ணே! அந்த மாடு என்ன சொல்லுது?"

"யோசிக்குது" என்றான் மதில்மேல் நின்ற காவலன்.

"இங்க எங்ககிட்ட நிறைய கெடக்கு. உங்களோடதுதான். ஒண்ணு தரட்டுமா? எங்க மாடு யாரு கேட்டாலும் ஆட்டும்."

இந்தச் செய்தி தளபதிக்குப் போனது. அவர் உள்ளபடியே ஆலோசித்தார். பிறகு, ஒரு மாட்டின் முடிவு நிலுவையில் இருக்கும்போது இன்னொரு மாட்டிடம் கேட்பது முதல் மாட்டை அவமதிப்பதாகும் என்று பதில் சொல்லி அனுப்பினார். கீழே கூடாரங்களில் வெகுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

தண்ணீர் மோசமாகக் குறைந்திருந்த சமயத்தில், கழிவுக் கால்வாய் வழியாக ஊர்ந்து ஒரு தூதன் உள்ளே வந்தான். வடக்குக் குன்றுக்குப் பின்னால் நம் பெரும்படை வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதி சூரியன் எழும்போது எக்காளம் ஊதுவார்கள். அவர்கள் வடக்கிலிருந்து அடிக்கும்போது நாங்கள் வாயிலைத் திறந்துகொண்டு பாய்ந்து தெற்கிலிருந்து அடிக்க வேண்டும். கோத்துகள் நடுவில் நசுங்கிவிடுவார்கள்.

"அற்புதம்!" என்றார் தளபதி. "முதல் தேதி வந்ததும் பாய்கிறோம்."

புஸ்கினஸ் தொண்டையைக் கனைத்தார். "வரணுமேங்க, முதல் தேதி."

அந்தக் காலையும் வந்தது. வடக்கே எக்காளம் கேட்டது. ஊரே வாயிலுக்குப் பின்னால் திரண்டது. சிப்பாய்கள் கேடயத்தோடு நின்றார்கள். தளபதி புஸ்கினஸைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்று என்ன நாள்?" என்றார்.

"தெய்வப் பேரரசர் பிறந்த நாளுங்க."

"பிறந்த நாளன்று போருக்கு வாயில் திறக்கலாமா?"

"கூடாதுங்க."

"ஐயா, ஊதறாங்க!" என்று கத்தினான் பார்லிக்காரன்.

"கேட்கிறது. அவர்கள் அங்கே முதல் தேதியில் ஊதுகிறார்கள். நாம் இன்னும் அந்த நாளுக்குப் போய்ச் சேரவில்லை. வீரர்களே, ஒரு படையை எதிரி தோற்கடிக்கலாம். ஆனால் அடுத்தவன் ஊதினான் என்பதற்காகத் தன் தேதியை விட்டு ஓடுகிற படையைத் தெய்வங்களே தோற்கடிக்கும்!"

ஒரே வழிதான் இருந்தது. எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்கள். மாவு, குழல், சம்மட்டி. "செய்யட்டுமா?" மரோன் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தளபதியே குனிந்து அதன் காதருகே, "மரோன், சாம்ராஜ்யம் கேட்கிறது" என்றார். மரோன் காதை மட்டும் திருப்பியது. காது கணக்கில் வராது.

அப்போதுதான் கூட்டம் திசாஸ் பக்கம் திரும்பியது. "யோவ், நீ சொல்லுய்யா! நீ சொன்னா கேக்கும்!" "எங்க வூட்ல கைக்குழந்தைக்குத் தண்ணி இல்லடா, பாவி!" "ஒரு மாட்டுக்காக ஊரையே சாகடிப்பியா?"

திசாஸ் செய்காவைத் தேடினான். அவள் கூட்டத்தின் ஓரத்தில் புல்கட்டோடு நின்றிருந்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் மாட்டின் நெற்றியில் கையை வைத்தான். "ஆட்டுடா" என்றான். உண்மையாகச் சொன்னானா, உதட்டை மட்டும் அசைத்தானா என்று முன்வரிசையில் நின்ற எங்களுக்கே தெரியவில்லை. மரோன் அவன் மணிக்கட்டை நக்கியது. அங்கேயும் உப்பு இருந்தது.

எக்காளம் இன்னும் கொஞ்ச நேரம் ஊதியது. பிறகு சந்தேகத்தோடு ஊதியது. பிறகு நின்றது.

பெரும்படை நாங்கள் வருவோம் என்று நம்பித் தனியாகப் போரிட்டு, நாங்கள் வராததால் தோற்று, கூடாரங்களையும் வண்டிகளையும் சாப்பாட்டு மூட்டைகளையும் விட்டுவிட்டு ஓடியது. கோத்துகள் சுமக்க முடிகிற அளவுக்கு மேலேயே எடுத்துக்கொண்டார்கள். இனி ஒரு மலையூரில் கிடைக்க என்ன இருக்கிறது? கூடாரங்களைப் பிரித்து ஆற்றைக் கடந்து போனார்கள்.

தளபதி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். எங்கள் படைப்பிரிவு ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை என்றும், அதன் அசைக்க முடியாத உறுதியைக் கண்டு எதிரி முற்றுகையைக் கைவிட்டான் என்றும் அதில் இருந்தது. ஒரு சொல்லும் பொய்யில்லை. அவருக்கு வீரப் பரிசாக ஒரு கிரீடமும் பதவி உயர்வும் வந்தன. தேதிச் சிக்கலையும் மேலிடம் பெருந்தன்மையோடு தீர்த்துவைத்தது: தேதி அது பாட்டுக்கு நகரட்டும், முடியாத பண்டிகை தனியாக நடந்துகொண்டிருக்கட்டும். முளை ஒரே தாவலாகப் பல துளைகளைக் கடந்தது. காவலர்கள் இறங்கி வந்து தூங்கினார்கள். பார்லிக்காரனுக்குக் கோதுமை கிடைத்தது. கிழவர் மூட்டையோடு வீட்டுக்குப் போனார். வாயில் திறந்தது. ஊரே ஓடைக்கு ஓடிப்போய்க் குப்புறப் படுத்துத் தண்ணீர் குடித்தது.

சுற்றுக்கட்டுக்குள் மட்டும் இன்னும் அந்தப் பிறந்த நாள். உள்ளே திசாஸும் மரோனும்.

ஊரைவிட்டுப் புறப்படும் முன் தளபதி வந்து பார்த்தார். திசாஸ் காலில் விழுந்தான். "ஐயா, சண்டதான் முடிஞ்சிடுச்சே. எங்கள விட்டுடுங்கய்யா. வெதைக்கிற நேரம்."

"உன்னை யார் பிடித்துவைத்திருக்கிறார்கள்? நீ சுதந்திரமான குடிமகன். இப்போதே எழுந்து போகலாம்."

திசாஸ் முதலில் புரியாமல், பிறகு நம்பாமல், பிறகு எழுந்து கயிற்றைப் பிடித்தான்.

"நீ போகலாம் என்றேன். மாடு தெய்வத்தினுடையது."

"சரிங்க. நான் போயிட்டா, இத என்ன செய்வீங்க?"

"உரிமையாளன் விட்டுப்போன மாடு அரசாங்கத்துக்குச் சேர்ந்துவிடும். அரசாங்க மாட்டிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. அன்றைக்கே வேலை முடிந்துவிடும்." தளபதி அவன் தோளைத் தட்டினார். "பார்த்தாயா, சட்டம் உன்னை ஒரு நாளும் நெருக்கவில்லை. எல்லாம் உன் விருப்பம்."

திசாஸ் கயிற்றை விட்டுவிட்டு, மாட்டின் பக்கத்தில், பழைய இடத்திலேயே போய் நின்றான்.

அந்த ஆண்டு செய்கா மண்வெட்டியால் கொத்தி விதைத்தாள். கொத்த முடிந்தது நிலத்தின் ஒரு மூலைதான். மாலையில் புல்லோடு வருவாள். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து இருவரும் கஞ்சி குடிப்பார்கள்.

சுற்றுக்கட்டு வாசலுக்கு ஒரு காவலனைப் போட்டார்கள். படைப்பிரிவில் ஆள் போதாததால் மேலிடம் கோத்துகளையே சம்பளத்துக்குச் சேர்க்கச் சொல்லியிருந்தது. காலில் காயம்பட்டு அவன் ஆட்கள் விட்டுப்போன வெரேகா சேர்ந்தான். பேரரசர் பெயரால் சத்தியம் செய்துகொடுத்து, ஆரேலியஸ் வெரேகா ஆனான்.

"நான் அங்க இருந்துகிட்டு ஒன்ன வளைச்சிருந்தேன். அப்ப சாப்பாடு சரியில்ல" என்று திசாஸிடம் சொன்னான். "இப்ப இங்க நின்னு வளைச்சிருக்கேன். மாசாமாசம் கோதுமை தராங்க. அதே வேலதான் மச்சான்."

"நீங்க வந்தப்ப உள்ள பூந்து எங்க ரெண்டு பேரையும் ஓட்டிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"நீங்க தினம் பண்ற கூத்தப் பாத்து, இவனுங்க எதுக்கும் துணிஞ்சவனுங்கன்னு எங்க பெரியவங்க பயந்துட்டாங்க" என்றான் வெரேகா. கேலியா, நிஜமா என்று அவன் முகத்தில் தெரியவில்லை.

அடுத்து வந்த தளபதி சிக்கனக்காரர். முடியாத பண்டிகைக்கு எதற்குச் சாம்பிராணி என்று நிறுத்தினார். சடங்கை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. புகையை நிறுத்தும் அதிகாரம் இருந்தது. புகை நின்றதும் ஈ வந்தது.

அன்று காலை வழக்கம்போல் மாவு தூவினார்கள். புதிய தளபதி துணியால் தலையை மூடிக்கொண்டார். குழல் ஊதியது. உர்சியோ சம்மட்டியை ஓங்கினான். புஸ்கினஸ் எழுதுகோலோடு மாட்டின் தலையைக் கவனித்தார். பெரிய பச்சை ஈ ஒன்று மரோனின் நெற்றியில் உட்கார்ந்து, உப்பு மாவில் நடந்து, கண்ணோரம் வந்து நின்றது. மரோனின் முகத்தோல் சிலிர்த்தது. கழுத்துத் தசை ஒருமுறை இழுத்தது.

திசாஸ் கையை அசைக்கக்கூடாது. உரிமையாளன் குறுக்கிட்டால் கைவிட்டதாகக் கணக்கு. அவன் மூச்சு விடவில்லை. சுவருக்கு அப்பால் செய்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செய்யட்டுமா?"

வாசலில் நின்ற வெரேகா நிதானமாக இரண்டு அடி முன்னால் வந்தான். ஈட்டியின் அடிக்கட்டையால், தூசி தட்டுவதுபோல், அந்த ஈயைத் தட்டிவிட்டான். பிறகு தன் இடத்துக்குத் திரும்பி, நேராக எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

குழல் இரைச்சலில் தளபதிக்கு எதுவும் கேட்கவில்லை. துணிக்குள் எதுவும் தெரியவில்லை. புஸ்கினஸ் வெரேகாவைப் பார்த்தார். ஈட்டியைப் பார்த்தார். ஈயைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

"யோசிக்கிறது" என்று எழுதிக்கொண்டார்.